பிரிந்து நிற்கும் போர் விமானங்களுக்குச் சரக்கு: சி-17ஆ, சி-130ஜேயா?

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமான அணி நிலைகொண்டதிலிருந்து, அத்தனையையும் ஒரே ஓடுதளத்தை நம்பி நிறுத்துவது சரியா என்ற பேச்சு, எங்கள் பக்கத்து ஓய்வுபெற்ற விமானப்படையினரிடையே அடிக்கடி எழுகிறது. செட்டிநாட்டிலும் உளுந்தூர்ப்பேட்டையிலும் உள்ள இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளங்களைப் போன்ற இடங்களைச் சீரமைத்து, நான்கு நான்காகப் பிரித்து அனுப்புவதானால், பின்னாலேயே மாற்றுச் சக்கரங்கள், நைட்ரஜன் உருளைகள், ஆயுதம் ஏற்றும் வண்டிகள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். பணியில் இருந்தபோது ஒரு பயிற்சிக்குச் சரக்குத் திட்டம் போட்ட நான், பெரிய சரக்கு விமானமான சி-17ஐ விட்டுவிட்டு, அதைவிடச் சிறிய சரக்கு விமானமான சி-130ஜேயைத்தான் கேட்டு வாங்கினேன்.

கொள்ளளவில் போட்டியே இல்லை. சி-17 சுமார் 77 டன் சுமக்கும். சி-130ஜே 20 டன்னோடு நின்றுவிடும். ஒரு சுகோய்க்கு உள்தொட்டிகள் நிரம்பவே 9 டன்னுக்கு மேல் எரிபொருள் வேண்டும் என்பதால், சி-130ஜேயின் ஒரு நடை இரண்டு விமானங்களுக்குத்தான் காணும். ஆனால் டெல்டாவில் எரிபொருளை டேங்கர் லாரியிலேயே கொண்டுபோய்விடலாம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது இறக்கும் வேலை. சி-130ஜேயின் சரக்குத் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். லாரியைப் பின்னோக்கி ஒட்டி நிறுத்தினால் இரண்டு தளமும் ஏறத்தாழ சமமாக நிற்கும், ஆட்களே தள்ளி மாற்றிவிடலாம். சி-17இன் தளமோ ஒன்றரை மீட்டருக்கும் மேல். அதன் 18 சரக்குப் பலகைகளையும் ஒழுங்காக இறக்கத் தனி ஏற்றுவண்டி வேண்டும், அந்த வண்டியையும் முன்கூட்டியே அங்கே சேர்த்திருக்க வேண்டும். நான் இருந்த ஒரு தற்காலிகத் தளத்தில் இருந்த ஒரே ஃபோர்க்லிஃப்ட் பழுதாகிவிட, வந்த சி-17 மதியம் முழுக்க நகராமல் நின்றது. 50 மீட்டருக்கு மேல் விரிந்த அதன் இறக்கைகள் நிறுத்துமிடத்தையே அடைத்துக்கொள்ள, எங்கள் போர் விமானங்கள் வெளியே காத்திருந்தன. மறைந்திருக்கத்தான் பிரிந்து வந்தோம். அடையாளம் காட்ட அந்த ஒரு விமானமே போதுமானதாக இருந்தது. மேலும், நம்மிடம் இருப்பவை 11 சி-17கள்தான், அவற்றின் உற்பத்தியும் 2015இல் நின்றுவிட்டது. ஐப்பசி மழையில் ஊறிய வயலுக்கு டயர் வண்டியை விட்டுப் பெல்ட் வண்டியைக் கூப்பிடும் விவசாயிக்கு என் கணக்கு எளிதில் விளங்கும்.

தாய்த்தளம் வரை மொத்தமாகக் கொண்டுவர சி-17ஐ மிஞ்ச ஆளில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சிறிய விமானத்தில் நடைகள் கூடும்போது விமானிகளும் பராமரிப்பாளர்களும் எத்தனை நாள் தாங்குவார்கள் என்பதில் மட்டும் என் அனுபவம் போதாது. எங்கள் பயிற்சி மூன்றே நாளில் முடிந்துவிட்டது.