கோவையில் ஒரு கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவு: பிழை நேர்ந்த பிறகு நடந்துகொண்ட விதம்

என் தாயாரின் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கோவையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் 25 முறை, மொத்தம் 50 கிரே (கதிர் அளவைக் குறிக்கும் அலகு) என்ற கணக்கில் கதிர்வீச்சு சிகிச்சை திட்டமிடப்பட்டது. எங்கள் பக்கத்தில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்வார்களே, அதுதான். கோபிசெட்டிபாளையத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் போய் வந்தோம். வரவேற்பிலும் கட்டணத்திலும் குறை சொல்ல எதுவுமில்லை. ஆகவே, அங்கே நேர்ந்த ஒரு பிழையையும் அதை அந்தப் பிரிவு எதிர்கொண்ட விதத்தையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

தோலில் இட்ட புள்ளியிலிருந்து கதிர் குவிய வேண்டிய மையத்துக்குப் படுக்கையை 1 சென்டிமீட்டர் தலைப்பக்கமாக நகர்த்த வேண்டும். அதைக் கால்பக்கமாக நகர்த்திவிட்டார்கள். ஆக, மையம் 2 சென்டிமீட்டர் தள்ளிப்போயிற்று. கதிர் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்கும் சரிபார்ப்புப் படம் முதல் நாளே எடுக்கப்பட்டிருந்தும், மருத்துவர் அதைப் பார்த்து ஒப்புதல் தரும் முன்பே திங்கள், செவ்வாய், புதன் என மூன்று நாட்கள் சிகிச்சை நடந்திருக்கிறது. வியாழன் காலையில் படத்தைப் பார்த்த மருத்துவர் உடனே நிறுத்தினார்.

நிறுத்தியது சரி. ஆனால் எங்களிடம் சொன்ன காரணம் 'மெஷின் சர்வீஸ்'. உண்மையை அடுத்த செவ்வாய்க்கிழமைதான் சொன்னார்கள். அந்த ஐந்து நாட்களும் அம்மா, நோய் முற்றிவிட்டதால் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நம்பி, சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார். பிரான்சின் எப்பினால் நகரில் 2004-05 ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்டோருக்குக் கதிர்வீச்சு அளவு மிகுந்துபோனபோதும், அவர்களில் பெரும்பாலோருக்கு அது தாமதமாகவே தெரிவிக்கப்பட்டது. எங்களுக்கு நேர்ந்தது அவ்வளவு பெரியதன்று என்றாலும், மறைக்கும் மனநிலை அதேதான் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

செவ்வாய்க்குப் பிறகு அவர்கள் செய்தவற்றை மனமாரப் பாராட்ட வேண்டும். கதிர் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர் ஒரு மணி நேரம் எங்களுடன் உட்கார்ந்து, காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். அந்த மூன்று முறையும் உண்மையில் எந்த உறுப்புக்கு எவ்வளவு கதிர் போனது என்று மீண்டும் கணக்கிட்டு, மீதி 22 முறைக்கும் திட்டத்தை மாற்றியிருந்தார்கள். சிறுநீர்ப்பைக்கும் குடலுக்கும் சேர்ந்த அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பதை எண்களாகவே காட்டினார்கள். இந்த நோயில் சிகிச்சை நீண்டுகொண்டே போனால் பலன் குறையும் என்பதால், விடுபட்ட நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுசெய்தார்கள். அம்மா அந்த இளம் இயற்பியலாளரிடம், "தப்பு எல்லார்த்துக்கும் வரும் சாமி, அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் இத்தனை பயந்திருக்க மாட்டேனுங்க" என்றார். அவர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்.

படுக்கையை நகர்த்திய பணியாளரை வேலையைவிட்டு நீக்கவில்லை என்பதை நான் நல்ல முடிவாகவே கருதுகிறேன். 1996-இல் கோஸ்டா ரிகாவில் 0.3 நிமிடத்தை, அதாவது 18 விநாடியை, 30 விநாடி என்று எடுத்துக்கொண்ட ஒரே கணக்குப் பிழையால் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள் மிகை அளவு பெற்றார்கள். அத்தகைய பிழையை ஒருவரின் கவனத்தை மட்டும் நம்பித் தடுத்துவிட முடியாது. தனியாக இன்னொருவர் சரிபார்த்தாக வேண்டும். இப்போது இங்கே இருவர் நின்று, ஒருவர் திசையையும் அளவையும் உரக்கப் படிக்க, மற்றவர் திருப்பிச் சொன்ன பிறகே படுக்கையை நகர்த்துகிறார்கள். முதல் படத்துக்கு ஒப்புதல் வராமல் இரண்டாம் நாள் சிகிச்சை தொடங்குவதில்லை. இங்கு செல்வோர், அந்த ஒப்புதல் வந்துவிட்டதா என்று முதல் நாளே கேளுங்கள்; கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார்கள்.

சிகிச்சைக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். நோயாளியிடம் உண்மை பேசுவதற்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. எழுத்து வடிவிலான அறிக்கையை மூன்று முறை கேட்ட பிறகே கொடுத்தார்கள். பிழையும் திருத்தமும் அதில் தெளிவாக உள்ளன. 'மெஷின் சர்வீஸ்' என்று எங்களிடம் சொன்னது பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. அதையும் சேர்த்துத் தருமாறு கடிதம் கொடுத்திருக்கிறேன்.