விஎம்-களுக்கு நாஸ்: ஐஸ்கஸியா, என்எஃப்எஸ்ஸா?

திருப்பூரில் நடுத்தர அளவிலான ஒரு பனியன் கம்பெனியில் சர்வர், நெட்வொர்க், பிரிண்டர், கேமரா எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தன்தான். இரண்டு பிராக்ஸ்மாக்ஸ் சர்வர் (ஒரே சர்வரில் பல விஎம்-களை ஓட்டும் மென்பொருள்தான் பிராக்ஸ்மாக்ஸ்), நெட்வொர்க் வழியாக டிஸ்க் இடம் கொடுக்கும், நாலு டிஸ்க் போட்ட ஒரு நாஸ் பெட்டி, மொத்தம் 14 விஎம், அதாவது சர்வருக்குள் மென்பொருளாலேயே ஓடும் கம்ப்யூட்டர்கள். ஒன்றில் கணக்கு எழுதும் டேலி, ஒன்றில் கம்பெனி நிர்வாகத்துக்கான ஈஆர்பி மென்பொருள், ஒன்றில் மெர்ச்சண்டைசர்கள் ஆர்டர் ஃபைல்களைக் கொட்டி வைக்கும் ஃபைல் சர்வர், மீதியெல்லாம் சில்லறை. ஒரு சர்வர் படுத்தால் அடுத்ததில் விஎம்-ஐ எழுப்பிவிட வேண்டும் என்பதற்காக, விஎம்-களின் டிஸ்க் எல்லாம் நாஸில். நாஸோடு ஐஸ்கஸி, என்எஃப்எஸ் என்ற இரண்டு வழிகளில் எந்த வழியில் பேசுவது என்பதில்தான் கேள்வி. இரண்டரை வருடம் ஐஸ்கஸியில் ஓட்டினேன். ஒன்றரை வருடமாக என்எஃப்எஸ்ஸில் ஓட்டுகிறேன். நான் என்எஃப்எஸ் பக்கம். அதை மறைத்து நடுநிலை பேசப்போவதில்லை.

தெரியாதவர்களுக்கு எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். என்எஃப்எஸ் என்பது கீப்பர் இருக்கும் குடோன். "நூத்தியொண்ணாம் நம்பர் ரோலை எடுங்க" என்றால் கீப்பர் எடுத்துத் தருவார். எது எங்கே இருக்கிறது என்ற நோட்டு அவரிடம். ஐஸ்கஸி என்பது காலி குடோனின் சாவியை உங்கள் கையில் கொடுத்துவிடுவது. அந்தக் காலி இடத்துக்குப் பெயர் லன். ரேக் அடிப்பது, அடுக்குவது, நோட்டு எழுதுவது எல்லாம் உங்கள் வேலை. நாஸுக்கு உள்ளே இருப்பது துணியா நூலா என்றே தெரியாது.

வயதில் என்எஃப்எஸ் மூத்தது. 1984ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது. ஐஸ்கஸி 2004ல்தான் ஆர்எஃப்சி 3720 என்று முறையான தரமாக வந்தது. ஆனால் "ஐஸ்கஸிதான் பெரிய ஆள் சமாச்சாரம், என்எஃப்எஸ் சும்மா ஃபைல் ஷேர்" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. எங்களுக்கு முதன்முதலில் செட்டப் போட்டுக் கொடுத்தவரும் அதைச் சொல்லித்தான் லன் கட்டிக் கொடுத்தார். நானும் தலையாட்டினேன்.

வேகத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒரு கிகாபிட் கேபிளில் இரண்டுமே நொடிக்கு 110 எம்பி சொச்சத்தில் முட்டி நிற்கும். கேபிள்தான் தடை, புரோட்டோகால் இல்லை. சின்னச் சின்னதாக நிறைய எழுதும் வேலையில் ஐஸ்கஸி ஒரு படி மேலே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கேபிள் போட்டு மல்டிபாத் செய்தால் ஐஸ்கஸி இரண்டையும் ஒழுங்காகப் பங்கு போட்டுக்கொள்ளும். என்எஃப்எஸ்ஸில் இரண்டு கேபிளை பாண்ட் செய்து ஒன்றாகக் கட்டினாலும் ஒரு சர்வருக்கும் நாஸுக்கும் நடுவே ஒரே கனெக்ஷன் என்பதால் ஒரு கேபிளில்தான் போகும். லினக்ஸ் 5.3லிருந்து என்கனெக்ட் என்று ஒரு ஆப்ஷன் வந்து பல கனெக்ஷன் திறக்க முடிகிறது; எங்கள் லோடுக்கு அது தேவைப்படவில்லை. பாதுகாப்பிலும் பெரிய வித்தியாசமில்லை. என்எஃப்எஸ் ஐபி முகவரியை நம்புகிறது, ஐஸ்கஸியில் சாப் (CHAP) என்ற பாஸ்வேர்டு சோதனை உண்டு, ஆனால் இரண்டிலும் சும்மா விட்டால் டேட்டா மறையாக்கம் இல்லாமல் வெறுமனேதான் ஓடும். ஸ்டோரேஜுக்குத் தனி சுவிட்ச் போடுங்கள், தீர்ந்தது.

நான் இடம் மாறியதற்குக் காரணம் வேகமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. நாஸ் செத்துப்போன அடுத்த நாள் காலையில் என்ன நடக்கும் என்பதுதான்.

சித்திரை மாதம், வியாழக்கிழமை சாயங்காலம், கோடை மழை. பக்கத்தில் எங்கோ மின்னல் விழுந்து நாஸின் போர்டு போய்விட்டது. டிஸ்க் நாலும் நல்லா இருக்கிறது. அதே மாடல் பெட்டி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, ஞாயிற்றுக்கிழமை இரவு எடுத்தது. திங்கள் முதல் வியாழன் வரை போட்ட பில் எல்லாம் நாஸில். வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட், இன்வாய்ஸ் அடிக்க வேண்டும்.

நாலு சாட்டா போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, டிஸ்க்குகளைச் செருகி, லினக்ஸில் ரெய்டை, அதாவது நாலு டிஸ்க்கும் சேர்ந்த தொகுப்பை, எழுப்பினேன். அதுவரை அரை மணி நேரம். அதற்குப் பிறகுதான் வெங்காயம் உரிக்கிற கதை. ரெய்டுக்குள் நாஸின் ஃபைல் சிஸ்டம். அதற்குள் ஒரு மறைவான ஃபோல்டரில், பெயரைப் பார்த்தால் ஒன்றும் புரியாத ஒரு பெரிய ஃபைல். அதுதான் எங்கள் லன். அந்த ஃபைலை ஒரு டிஸ்க் மாதிரி நடிக்க வைக்க வேண்டும். அதற்குள் பிராக்ஸ்மாக்ஸ் போட்ட எல்விஎம், அதாவது டிஸ்க் இடத்தை வால்யூம் என்ற துண்டுகளாகப் பிரித்து வைக்கும் அமைப்பு. அதை எழுப்பினால் வரிசையாக வால்யூம்கள். அதில் 104ஆம் விஎம்-க்கு இரண்டு வால்யூம் நிற்கிறது. எது இப்போதையது, எது என்றோ மாற்றிவிட்டு அழிக்க மறந்தது என்று தெரியவில்லை. எழுப்பும்போது ஒரு கட்டளையைத் தப்பாக அடித்தால் இருப்பதும் போய்விடும் என்ற பயத்தில், முதலில் முழு லன்னையும் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தேன். அதற்கே ராத்திரி பாதி போய்விட்டது.

நடுவில் முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "ஏந்தம்பி, டிஸ்க்கெல்லாம் நல்லா இருக்குதுங்கறீங்க, அப்பறம் ஏன் டேலி வரமாட்டீங்குது?"

"டிஸ்க் இருக்குதுங்ணா. அதுக்குள்ள எது எங்க இருக்குதுன்னுதான் தேடோணும்."

டேலி எழுந்தது வெள்ளி காலை ஐந்தே முக்காலுக்கு.

புது நாஸ் வந்ததும் என்எஃப்எஸ் போட்டேன். போட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு, வேண்டுமென்றே அதே கூத்தை அடித்துப் பார்த்தேன். நாஸை ஆஃப் செய்து, டிஸ்க்கைக் கழற்றி, அதே பழைய கம்ப்யூட்டரில் செருகினேன். ரெய்டை எழுப்பும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான், அதில் என்எஃப்எஸ்ஸுக்கு எந்தச் சலுகையும் இல்லை. ஆனால் ஃபைல் சிஸ்டம் திறந்த உடனே இமேஜஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் 101, 102, 103 என்று விஎம் நம்பர் போட்ட ஃபோல்டர்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கியூகவ்2 ஃபைல் (விஎம்-மின் டிஸ்க் முழுவதும் அடங்கிய ஃபைல்), பக்கத்திலேயே கடைசியாக எழுதிய தேதியும் நேரமும். டேலி விஎம்-மின் ஃபைல் 80 ஜிபி. காப்பி பன்னிரண்டு நிமிடம். சர்வரின் உள் டிஸ்க்கில் போட்டு, கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி மாற்றி, ஆன் செய்தேன். கழற்ற ஆரம்பித்ததிலிருந்து டேலி திரை வரும் வரை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு காலேஜ் பையனை வைத்துக்கூட போனில் சொல்லிச் செய்ய வைத்துவிடலாம். நான் காங்கேயத்தில் கல்யாண வீட்டில் இருந்தாலும் நடக்கும்.

அன்றாடப் பராமரிப்பிலும் இதே கதைதான். நாஸில் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் பதிவு, எடுக்கிறேன். ஈஆர்பி விஎம் மட்டும் ஒரு அப்டேட்டில் கெட்டுப்போனால், ஸ்னாப்ஷாட்டுக்குள் போய் அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். லன்னில் அப்படி முடியாது. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் அதற்குள் இருக்கும் பதினாலு விஎம்-மும் சேர்ந்து பின்னால் போகும். ஒன்றை மட்டும் எடுக்க, ஸ்னாப்ஷாட்டை இன்னொரு லன்னாக்கி, மாட்டி, ஒரே பெயரில் இரண்டு எல்விஎம் நின்று சண்டை போடுவதைச் சமாளித்து எடுக்க வேண்டும். இடம் பத்தவில்லையா? என்எஃப்எஸ்ஸில் நாஸில் ஷேரின் அளவைக் கூட்டினால் முடிந்தது. ஐஸ்கஸியில் லன்னைப் பெரிதாக்கி, இரண்டு சர்வரிலும் ரீஸ்கேன் செய்து, எல்விஎம்-ஐ நீட்ட வேண்டும். கஷ்டமான வேலை இல்லைதான். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை செய்கிற வேலை ஒவ்வொரு தடவையும் மறந்துபோகும். பிராக்ஸ்மாக்ஸிலேயே விஎம் ஸ்னாப்ஷாட் என்று பார்த்தால், ஐஸ்கஸி மேல் போட்ட பொது எல்விஎம்-இல் ரொம்ப நாள் அந்த வசதியே கிடையாது. 2025ல் வந்த 9ஆம் பதிப்பில்தான் சோதனை நிலையில் கொடுத்தார்கள். என்எஃப்எஸ்ஸில் கியூகவ்2 என்றால் ஆரம்பத்திலிருந்தே உண்டு.

லன்னில் இன்னொரு பயமும் இருந்தது. ஒரே லன்னை இரண்டு சர்வர் மாட்டலாம். எல்விஎம் வைத்து பிராக்ஸ்மாக்ஸ் பூட்டுப் போட்டுப் பார்த்துக்கொள்ளும். ஆனால் யாராவது புதிதாக வந்தவர், சாதாரண இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் போட்ட லன்னை இரண்டு சர்வரிலும் மவுன்ட் செய்துவிட்டால், ஒரே குடோனில் இரண்டு கீப்பர், இரண்டு நோட்டு. ஒருவர் அடுக்கிய இடத்திலேயே அடுத்தவர் அடுக்குவார். எந்த எச்சரிக்கையும் வராது. சில நாள் கழித்துத்தான் ஃபைல்கள் குப்பையாகி நிற்கும்.

என்எஃப்எஸ்ஸின் குறைகளைச் சொல்லாமல் விட்டால் அது விளம்பரம் ஆகிவிடும். முதல் குறை, அசிங்க் (async) என்ற டிக். பல நாஸ் பெட்டிகளில் என்எஃப்எஸ் அனுமதிப் பக்கத்தில் இருக்கும். அதைப் போட்டால் வேகம் பறக்கும், ஏனென்றால் டிஸ்க்கில் எழுதுவதற்கு முன்பே "எழுதிட்டேன்" என்று நாஸ் பொய் சொல்லும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் டேட்டாபேஸ் கெட்டுப்போகும். எங்கள் ஊரில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நொடியை யூபிஎஸ் தாங்குகிறது என்று நினைத்திருந்தேன். ஒரு மாதாந்திர ஷட்டவுன் அன்று பேட்டரி கைவிட்டபோதுதான் அது வெறும் நினைப்பு என்று தெரிந்தது. அன்று டிக்கை எடுத்துவிட்டு இருந்ததால் தப்பித்தேன். எடுத்தால் எழுதும் வேகம் குறையும். நாஸில் எஸ்எஸ்டி போட்டுச் சரிக்கட்டினேன். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நாஸ் நின்றால், அது திரும்பும் வரை விடாமல் காத்திருக்கும் என்எஃப்எஸ் ஹார்டு மவுன்டில் எல்லாம் அப்படியே உறைந்துவிடும். பிராக்ஸ்மாக்ஸ் திரையில் சாம்பல் நிறக் கேள்விக்குறி வரும், சர்வரில் கட்டளை அடித்தால் கர்சர் நகராது. பார்க்கவே பகீரென்று இருக்கும். ஆனால் நாஸ் திரும்பி வந்ததும் விஎம்-கள் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஐஸ்கஸியில் வழக்கமாக 120 நொடி காத்திருந்துவிட்டு விஎம்-க்கு எரர் கொடுத்துவிடும். லினக்ஸ் விஎம்-கள் டிஸ்க்கை ரீட்-ஒன்லி ஆக்கிக்கொள்ளும், ஒவ்வொன்றாக ரீபூட் செய்ய வேண்டும். அந்த நேரத்தைக் கூட்டி வைக்கலாம் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

மூன்றாவது சின்னக் குறைதான். பெரிய கியூகவ்2 ஃபைலின் பழைய ஸ்னாப்ஷாட்டை அழிக்கும்போது விஎம் சில நிமிடம் திணறும். ஷிஃப்ட் முடிந்த பிறகு அழிக்கிறேன். அதோடு, விஎம்-க்குள் அழித்த இடம் நாஸுக்குத் திரும்பி வர என்எஃப்எஸ் 4.2 வேண்டும். உங்கள் பெட்டி 4.1 வரைதான் கொடுக்கிறதா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் "பெர்மிஷன் டினைட்" வந்தால் பதற வேண்டாம், சர்வரின் ரூட் யூசருக்கு அதிகாரத்தைக் குறைக்கும் ரூட் ஸ்குவாஷ் அமைப்பை நாஸில் எடுத்துவிட வேண்டும்.

ஐஸ்கஸியையே எடுக்க வேண்டிய இடமும் இருக்கிறது. விண்டோஸில் இரண்டு சர்வர் பொது டிஸ்க் வைத்து கிளஸ்டர் போடுகிறீர்கள் என்றால் பிளாக் டிஸ்க் (லன் மாதிரி வெறும் டிஸ்க்) வேண்டும். கோயம்புத்தூரில் பெரிய மில்களில் இருநூறு விஎம், 25 கிகாபிட், இரண்டு கன்ட்ரோலர் வைத்த ஸ்டோரேஜ், அதைப் பார்க்க மூன்று ஆள் ஷிஃப்ட் என்று இருக்கும் இடத்துக்கு என் பதினாலு விஎம் அனுபவம் செல்லாது. அங்கே பெட்டி செத்தால் பழைய கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருகும் நிலைமையே வராது.

இடம் மாறுவது நினைத்ததைவிட லேசு. அதே நாஸில் லன் பக்கத்திலேயே ஒரு என்எஃப்எஸ் ஷேர் திறந்து, விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கை நகர்த்த பிராக்ஸ்மாக்ஸில் வசதி இருக்கிறது. எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு விஎம் வீதம் ஒரு வாரம் ஆனது. டேலியைக் கடைசியில் வைத்தேன்.

முழுசாகவும் மாறிவிடவில்லை. ஈஆர்பி டேட்டாபேஸுக்கு மட்டும் பிளாக் டிஸ்க்தான் வேண்டும், இல்லாவிட்டால் சப்போர்ட் கிடையாது என்று மென்பொருள்காரர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். அதற்காக 200 ஜிபிக்கு ஒரே ஒரு லன் இன்னும் இருக்கிறது. அந்த லன்னுக்குள் என்ன, அதற்குள் என்ன, எந்த வரிசையில் திறக்க வேண்டும் என்று ஒரு பேப்பரில் எழுதி, லேமினேட் செய்து, நாஸ் பெட்டி மேலேயே ஒட்டியிருக்கிறேன். இரவு பேக்கப் முதலில் போவதும் அதற்குத்தான்.