ஜிஎம்ஆர்எஸ் ரேடியோவுடன் மூன்று வருடம்

அமெரிக்கக் கடைகளில் விற்கும் வாக்கி-டாக்கி அட்டையில் "35 மைல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நானும் அதை நம்பித்தான் முதல் ஜோடியை வாங்கினேன். ஒருவர் மலை உச்சியிலும் மற்றவர் பள்ளத்தாக்கிலும் நின்று, குறுக்கே எதுவும் இல்லையென்றால் அந்தக் கணக்கு நடக்கலாம். வீடுகளும் மரங்களுமாக இருக்கும் எங்கள் பகுதியில் ஒரு மைல் போவதற்குள் பேச்சு கரகரவென்று ஆகிவிட்டது.

அது எஃப்ஆர்எஸ் என்னும், குடும்பங்கள் குறுகிய தூரத்துக்குப் பேசும் வகை. உரிமம் தேவையில்லை. ஆனால் அதிகபட்சம் 2 வாட்தான், ஆன்டெனாவைக் கழற்ற முடியாது, ரிப்பீட்டரும் (குரலை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் நிலையம்) பயன்படுத்த முடியாது. இரண்டு மாதத்தில் அலுத்துப்போய், இவற்றுக்கெல்லாம் இடம் தரும் ஜிஎம்ஆர்எஸ் என்ற ரேடியோ வகைக்கு மாறினேன்.

இதற்கு உரிமம் உண்டு, தேர்வு கிடையாது. பதினெட்டு வயது நிறைந்தவர்கள் எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) இணையதளத்தில் விண்ணப்பித்து 35 டாலர் கட்டினால் பத்து வருடத்துக்குச் செல்லும். (2022 ஏப்ரலுக்கு முன்பு 70 டாலர்.) எனக்குப் பிடித்தது குடும்பம் என்பதற்கு அந்த விதி தரும் விளக்கம். மனைவி, பிள்ளைகளோடு நிற்காமல் அப்பா அம்மா, தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள், அத்தை மாமா, அவர்களோடு சம்பந்த வழி உறவுகளும் என் உரிமத்திலேயே பேசலாம். கல்யாணப் பத்திரிகையை வைத்துக்கொண்டு எழுதிய மாதிரி இருக்கிறது!

சரி, ரிப்பீட்டருக்கு வருகிறேன். உயரமான இடத்தில் நின்று நம் குரலை வாங்கி, அந்தக் கணமே அதிக சக்தியோடு திருப்பி அனுப்பும் நிலையம் அது. 467 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேட்கும். சரியாக 5 மெகாஹெர்ட்ஸ் கீழே, 462 பக்கம் பேசும். இந்த ஒரு வரி தெரியாமல் மூன்று வாரம் தவித்தேன். மற்றவர்கள் பேசுவது கண்ணாடி மாதிரி கேட்கிறது, நான் கூப்பிட்டால் மட்டும் பதிலே இல்லை. கருவி பழுதென்று திருப்பி அனுப்பவும் பார்த்தேன். உண்மையில் நான் இருந்தது சாதாரண 20ஆம் சேனல். ரிப்பீட்டர் பேசுகிற அலைவரிசையிலேயே நானும் பேசி, சுற்றியிருந்தவர்களுக்குத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ரிப்பீட்டருக்கென்றே இருக்கும் சேனலுக்கு மாற்றிய பிறகும் திறக்கவில்லை. காரணம் டோன். பேச்சுக்கு அடியில் காதில் விழாத அளவுக்கு ஓடும் ஓர் ஒலி அது, 141.3 ஹெர்ட்ஸ் என்பதுபோல் எண் இருக்கும். அது வந்தால்தான் ரிப்பீட்டர் கதவைத் திறக்கும். நான் அதைக் கேட்கும் பக்கத்தில் மட்டும் போட்டுவிட்டு, அனுப்பும் பக்கத்தில் போடாமல் விட்டிருந்தேன்.

திறந்ததா என்று தெரிந்துகொள்வது எளிது. அழைப்புக்குறியை (உரிமத்தோடு நமக்குத் தரும் அடையாள எழுத்தும் எண்ணும்) சொல்லிவிட்டுப் பட்டனை விட்டதும், ஓரிரு நொடி ரிப்பீட்டரின் அலை வால் மாதிரி நீண்டு நிற்கும். வெறுமனே பட்டனை அழுத்திப் பார்ப்பதை யாரும் ரசிப்பதில்லை. பேச்சு முடியும்போதும், நீண்டால் 15 நிமிடத்துக்கு ஒரு தடவையும் அழைப்புக்குறி சொல்வது விதி. இன்னொன்று, ரிப்பீட்டர் யாரோ சொந்தக் காசில் கட்டி நடத்துவது. அனுமதி கேட்டுவிட்டுப் பேசுங்கள். நான் இரண்டு வரி மின்னஞ்சல்தான் போட்டேன், மறுநாளே சரி என்று பதில் வந்தது.

இந்த டோனைச் சில கருவிகளின் கையேட்டில் தனியுரிமைக் குறியீடு என்று எழுதுகிறார்கள். எனக்கு எரிச்சலூட்டும் பெயர் அது. மற்றவர் பேச்சு நம் காதில் விழாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாம் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் அதில் சொல்லாதீர்கள்.

வாட்டுக்காகக் காசு செலவழிக்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. தரையில் நின்று கையில் பிடித்தால் சமவெளியிலும் ஐந்து கிலோமீட்டர் சுமாரில் பூமியின் வளைவே மறைக்கத் தொடங்கும். நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்கு அது நாற்பது கிலோமீட்டர். என் 5 வாட் கருவி காருக்குள் இருந்தவரை திணறியது. கூரையில் காந்தத்தில் ஒட்டும் ஒரு சாண் ஆன்டெனாவை வைத்து அதே கருவியில் மாட்டியதும் ரிப்பீட்டர் சுலபமாகக் கிடைத்தது. வீட்டில் நிலவறையிலிருந்து முடியாது, மாடி ஜன்னலுக்கு வந்தால் முடியும்.

குறைகளும் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கருவி இருந்தால், ஒன்று பேசும்போது மற்றதன் காது அடைத்துவிடும்; சோதிக்கிறேன் என்று நானும் மனைவியும் ஒரே அறையில் நின்று குழம்பியிருக்கிறோம். ஒரு புயல் ராத்திரியில் கைபேசி இணைப்பு போனபோது ரிப்பீட்டரில் நன்றாகப் பேசினோம். ஒரு மணி நேரத்தில் அதற்கும் மின்சாரம் தீர்ந்தது. அதற்கப்புறம் ரிப்பீட்டர் இல்லாமல் நேராகப் பேச ஒரு சேனலை முடிவுசெய்து, அதன் எண்ணை எல்லாக் கருவியிலும் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பட்டனை அழுத்தியதும் ஒரு நொடி விட்டுப் பேச வேண்டும், இல்லையென்றால் ரிப்பீட்டர் விழிப்பதற்குள் முதல் சொல் போய்விடும். வந்திருக்கும் மாமனாருக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் ஏறுவதில்லை. நான் கூப்பிட்டால் எனக்கு வருவது எப்போதும் "...ங்க மாப்ளே" மட்டும்தான்.