ஒரே பலகை, இரண்டு பல்லாங்குழி: ஏழு வருஷ அனுபவம்

எங்கள் பல்லாங்குழிப் பலகை நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாக் கடையில் வாங்கியது. மடக்கினால் மீன் வடிவம், விரித்தால் பக்கத்துக்கு ஏழு குழி. ஏழு வருஷமாக வீட்டில் புழங்குகிறது. கீல் ஆணி இரண்டாம் வருஷமே தளர்ந்துவிட்டது. ஆசாரி ஒருவர் வேறு ஆணி அடித்துத் தந்தார். பலகையைப் பற்றி அவ்வளவுதான். சொல்ல நிறைய இருப்பது விதிகளைப் பற்றி.

நான் பிறந்தது சேரன்மகாதேவிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது வள்ளியூர்ப் பக்கம். ஆச்சியிடம் நான் கற்ற ஆட்டமும் என் மாமியார் ஆடுவதும் ஒன்றுதான் என்று நினைத்துப் பத்தமடைப் பாயில் எதிரெதிரே உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்திலேயே ஒரு குழிக்கு இரண்டு பேரும் கை நீட்டினோம்.

அடிப்படை இரண்டு வீட்டிலும் ஒன்றே. குழிக்கு ஐந்தாக 70 காய். நம் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வலப்பக்கமாக ஒவ்வொன்றாய்ப் போட்டுச் சுற்ற வேண்டும். கைக்காய் தீர்ந்தால் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அது வெறுங்குழியானால், தடவிவிட்டு அதற்கடுத்ததில் உள்ளதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விட வேண்டும். இரண்டு வெறுங்குழி சேர்ந்து வந்தால் ஒன்றும் கிடையாது.

முதல் வேறுபாடு பசுவில். மூன்று காய் கிடக்கும் குழியில் நான்காவது விழுந்தால் அது பசு. ஆச்சி வீட்டில் அந்தக் குழி யார் பக்கமோ அவருக்கே பசு. "எந்த வீட்டுத் தொழுவுல கெடக்கோ, அந்த வீட்டுப் பசுதான்ட்டி" என்பாள். அத்தை வீட்டில் நான்காவது காயைப் போட்டவருக்குப் பசு. கேட்கும்போது சின்ன விஷயம்தான், ஆனால் புத்தியே வேறு மாதிரி ஓட வேண்டியிருக்கிறது. போட்டவருக்குப் பசு என்றால் எவ்வளவு தூரம் ஓடினாலும் லாபம். குழிக்காரருக்கு என்றால், எதிர்ப்பக்கம் சுற்றும்போது நாமே அவர்களுக்குப் பசு கொடுத்துக்கொண்டு போவோம். மூன்று கிடக்கும் குழிகளை முன்கூட்டியே எண்ணி, குறைவாக ஓடும் குழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்கு ஆச்சி முறைதான் ஒரு படி மேல். நம் முறை இல்லாதபோதும் பலகையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. பசுவைக் கவனிக்காமல் விட்டு அடுத்த காய் விழுந்து ஐந்தானால் போனது போனதுதான்.

இரண்டாவது வேறுபாடு இன்னும் பெரிது. வெறுங்குழியைத் தடவி அடுத்ததை எடுக்கும்போது, அத்தை அதற்கு நேர் எதிர்க்குழியையும் சேர்த்து அள்ளுவார். "எதுக்க இருக்கதையும் எடும்மா, அதும் ஒனக்குத்தான்" என்று எனக்கும் சொல்லித்தந்தார். அவர் எப்போது முதலில் ஆடினாலும் நடுக்குழியில்தான் கை வைப்பார். ஏன் என்று கேட்டால், எங்க அம்மா அப்படித்தான் தொடங்குவா என்பார். ஒரு ஐப்பசி மழை நாளில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து ஒவ்வொரு குழியாகத் தொடங்கிப் பார்த்தேன். ஆச்சி முறையில் முதல் ஆட்டத்தை எந்தக் குழியில் தொடங்கினாலும் முடிவு ஒன்றே: ஐந்து முறை அள்ளி, கடைசியில் 7 காய். எதிர்க்குழியும் உண்டு என்றால் கணக்கு மாறுகிறது. இடக்கோடியிலிருந்து எண்ணினால் மூன்றாவது குழியில் தொடங்குகிறவருக்கு அதே 7தான், எதிரே வெறுங்குழி. அதற்கு அடுத்த நடுக்குழியில் தொடங்கினால் 15. ஏழு குழியிலும் அதுதான் அதிகம். நோட்டைக் காட்டியபோது அத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் தெரியாது.

அத்தனை அழகு இருந்தும் எதிர்க்குழி முறையை நான் முழுதாக ஏற்கவில்லை. முதல் ஆட்டத்திலேயே ஒருவர் கையில் 15 காய் என்றால் இரண்டாமவர் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நேரம் குறைவாக உள்ள நாளுக்கு அது சரி; விளக்கு வைக்கும்வரை ஆட ஆச்சி முறை.

இடையில் மகளுக்காக இணையத்தில் ஒரு பிளாஸ்டிக் பலகை வாங்கினோம். உடன் வந்த தாளில் குழிக்கு ஆறு என்று இருந்தது. ஆறு போட்டால் முதல் ஆட்டம் இரண்டே அள்ளலில் தொடங்கிய குழிக்கே வந்து நின்றுவிடுகிறது. பசு யாருக்கு என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. இரண்டு வாரத்தில் மகள் மரப்பலகைக்கே திரும்பிவிட்டாள்.

காய்க்கு முதலில் புளியமுத்து வைத்திருந்தோம், வண்டு துளைத்துவிட்டது. குன்றிமணி பார்க்க அழகு, ஆனால் கடித்து உடைத்தால் கொடிய நஞ்சு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். இப்போது சோழி.

தோற்கிற பக்கத்துக்கு இரண்டு வீட்டிலும் ஒரே வழி. ஒரு குழி நிரப்ப ஐந்து காய்கூட இல்லாதவர் குழிக்கு ஒன்றாகப் போட்டுக் கஞ்சி காய்ச்ச வேண்டும். எதிராளியும் அத்தனை குழியில் ஒவ்வொன்றே போடுவார். போன சித்திரையில் மகள் மூன்று காயோடு கஞ்சி காய்ச்சி, பொழுது சாய்வதற்குள் நாலு குழியை மீட்டாள். அன்று ஆடியது ஆச்சி முறை. அத்தைதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பசு விழும்போதெல்லாம் தொடையில் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.