சாட்ஜிபிடியா, நோட்புக்எல்எம்மா?

விடுப்புக் கடிதம், மின்னஞ்சல், எக்செல் ஃபார்முலா என்றால் சாட்ஜிபிடியே போதும். யாருக்கு, எதற்கு, எத்தனை வரி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வளவளவென்று நீட்டும்.

நூறு பக்க டெண்டர், காப்பீட்டு பாலிசி என்றால் கதை வேறு. சாட்ஜிபிடி தனக்குத் தெரிந்த பொது விஷயத்தையும் ஆவணத்தையும் கலந்து, இல்லாத விதி எண்ணைக்கூடக் கூசாமல் சொல்லிவிடலாம். கூகுளின் ஏஐ கருவியான நோட்புக்எல்எம் நீங்கள் ஏற்றிய கோப்புகளை வைத்தே பதில் தரும். பதிலருகே உள்ள எண்ணைத் தட்டினால் மூலப் பத்தி திறக்கும். தட்டிப் பார்க்காமல் நம்பாதீர்கள். பழைய பாலிசியும் புதியதும் ஒரே நோட்புக்கில் (அதில் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) கிடந்தால் பழைய விதியையும் எடுத்து நீட்டும். கோப்புப் பட்டியலில் பழையதன் பெயருக்கு அருகே உள்ள டிக்கை நீக்கிவிட்டுக் கேளுங்கள்.

மங்கலான ஸ்கேன் என்றால் இரண்டுமே தடுமாறும். ஆதார், பான் எண்களை மறைத்த பிறகே எதிலும் ஏற்றுங்கள்.