கல்லு டைலுக்கு அடியில டிட்ரா ஹீட் மேட்: எதுக்கு நம்பலாம், எதுக்கு நம்பக்கூடாது

கீழ ஃப்ளோட்டிங் ஃப்ளோர் (அடியில எதுலயும் புடிக்காம சும்மா வச்சிருக்கிற தரை) இருக்கு, மேல கல்லு டைல் போடணும், நடுவுல ஹீட்டிங்கும் வேணும், ஷ்லூட்டர் கம்பெனியோட அந்த ஆரஞ்சு டிட்ரா ஹீட் மேட்ட (ஹீட்டிங் கேபிள் பதிக்கிற ஷீட்டு) வாங்கி விரிச்சா எல்லாம் சரியாயிடுமான்னு நெறைய பேரு கேக்குறாங்க. பாதி சரியாகும். மீதி பாதி தரையோட வேலை, மேட்டோட வேலை இல்ல.

நான் பயன்படுத்தின வரைக்கும் பொருள் அருமை. பாலிப்ரொப்பிலீன் ஷீட்டு, மேல குமிழ் குமிழா இருக்கும், அடியில துணி மாதிரி ஃப்ளீஸ், மொத்த கனமே 5.5 மி.மீ தான். கேபிள குமிழுக்கு நடுவுல வச்சு அமுக்கினா டக்குனு உக்காந்துக்குது, டேப்பு ஒட்ட வேணாம், கேபிள மூட தனியா லெவலிங் கலவை ஊத்த வேணாம், பல்லு கரண்டிய வச்சு பசைய இழுக்கும்போது கேபிள் நகரவும் இல்ல. 9 செ.மீ இடைவெளியில போட்டா சதுர மீட்டருக்கு 136 வாட் வருது, கல்லு முழுக்க ஒரே சூடு, கோடு கோடா தெரியாது. சூடேறும்போது கல்லும் அடியில இருக்கிற பலகையும் ஒரே அளவு விரியாது, அந்த பக்கவாட்டு இழுப்ப மேட் வாங்கிக்கும், அதுக்காகவே இத வாங்கலாம்.

ஆனா மேல கீழ அமுங்குறத இது தாங்காது. இத கடையில யாரும் அழுத்திச் சொல்றதே இல்ல, அதான் எனக்கு வருத்தம். ஃப்ளோட்டிங் ஃப்ளோர்னா இன்சுலேஷன் மேல பலகைய சும்மா வச்சிருக்காங்க, அடியில எதுலயும் ஸ்க்ரூ புடிக்கல, நடந்தா அமுங்கத்தான் செய்யும். மரச்சட்டத்து மேல இருக்கிற தரைக்கு அமெரிக்காவுல வச்சிருக்கிற கணக்கப் பாருங்க, சாதா செராமிக்னா நீளத்துல 360ல ஒரு பங்கு வளையலாம், இயற்கை கல்லுக்கு 720ல ஒரு பங்குதான், அதாவது 3.6 மீட்டர் நீளத்துக்கு வெறும் 5 மி.மீ. கல்லு அவ்வளவு கறார். மொதல்ல கிரவுட்டு (டைல் இடுக்குல அடைக்கிற கலவை) உதிரும், அப்புறம் கல்லுலயே முடி மாதிரி கோடு விழும். அதனால ஆடுற பலகைய கழட்டி, சட்டத்தோட சேத்து ரெண்டு அடுக்கு பிளைவுட்டா ஸ்க்ரூ பண்ணிட்டு அப்புறம் மேட்ட யோசிங்க. க்ளிக் லேமினேட் (ஒண்ணோட ஒண்ணு மாட்டுற பலகைத் தரை) மேல ஒட்டலாமான்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க, வேணாம்.

இன்சுலேஷன் மேல ஊத்துன சிமெண்ட் ஸ்கிரீடும் (சிமெண்ட் மணல் கலவைத் தளம்) ஃப்ளோட்டிங் தான், ஆனா அது கதையே வேற, கனமா கெட்டியா இருக்கும், கல்லு தாராளமா நிக்கும். அதுக்குள்ள தரைய சூடேத்துற தண்ணி பைப் ஓடுதுன்னா ஸ்கிரீடு ஊத்தி 21 நாள் ஆகாம சூடேத்தக்கூடாது, மொதல்ல 25 டிகிரியில 3 நாள், அப்புறம்தான் முழு சூடு, டைல் அதுக்கும் பிறகு.

பலகையில மேட்ட ஒட்ட சி2 எஸ்1 வகை சிமெண்ட் டைல் பசை வாங்குங்க, கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். குமிழுக்கு நடுவுல பசை முழுசா எறங்கணும், கல்லோட முதுகுலயும் ஒரு பூச்சு வேணும், உள்ள காத்து நின்னா சூடும் ஏறாது, கல்லுக்கு பிடிமானமும் இல்ல. வெளிர் மார்பிளுக்கு வெள்ளை பசை, இல்லன்னா கறை மேல தெரியும். சில பச்சை மார்பிள் தண்ணி பட்டா ஓரம் வளைஞ்சுக்கும், அதுக்கு எபாக்சி மாதிரி தண்ணி இல்லாத பசை. சுவரோரம் இடைவெளி விட்டு சிலிக்கான், அங்க கிரவுட்டு போட வேணாம்.

கேபிள் ரெசிஸ்டன்ஸ போடறதுக்கு முன்னாடி, போட்டதும், டைல் ஒட்டுனதும் மூணு தடவையும் அளந்து எழுதி வைங்க. தரை சூட்ட அளக்குற சென்சார் ரெண்டா பொதைங்க, ஒண்ணு போனா கல்ல உடைக்க வேண்டி வராது. கிரவுட்டு போட்டு ஒரு வாரம் ஸ்விட்ச்சுல கைய வைக்காதீங்க. கேபிள நீளம் ஜாஸ்தின்னு வெட்டவே முடியாது, அதனால அலமாரி, கமோடு நிக்கிற இடத்தக் கழிச்சிட்டு மிச்ச பரப்புக்கு அளந்து ஆர்டர் பண்ணுங்க, இடைப்பட்ட அளவு வந்தா சின்ன கேபிளையே எடுங்க.