பள்ளத்தூர் வாடகை நூல் நிலையம்: எட்டு மாதங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரில் ஒரு பழைய நகரத்தார் வீட்டின் முகப்பில் நடந்துவரும் வாடகை நூல் நிலையத்தில் கடந்த ஜூன் மாதம் என் மகளைச் சேர்த்தேன். அதை நடத்தும் ஆச்சி ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே குறிப்பிடவில்லை. முன்பணம் 500 ரூபாய், மாதச் சந்தா 80 ரூபாய்; ஒரு தடவைக்கு 3 புத்தகங்கள், 15 நாள் தவணை.

ஏன் சேர்த்தேன் என்பதைச் சொன்னால்தான் இந்த மதிப்பீடு விளங்கும். முந்தைய ஆண்டு, ஏழாம் வகுப்பில் இருந்தபோது, சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட ஒரு வீட்டின் கதையைச் சொல்லும் சிறார் நாவலை அவள் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துப் பாதி படித்திருந்தாள். காலாண்டுத் தேர்வுக்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீண்டும் கேட்கப் போனபோது புத்தகம் இல்லை. பெற்றோர் ஒருவர் புகார் சொன்னதால் எடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. மற்ற பெற்றோரிடம் யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "எனக்கு அந்தக் கதை பிடிச்சிருந்ததே, அது தப்பாம்மா?" என்று கேட்டாள். அதன்பின் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அட்டையை என்னிடம் காட்டி, படிக்கலாமா என்று கேட்கத் தொடங்கினாள்; சில மாதங்களில், கேட்கவே தேவையில்லாத வினாவிடைப் புத்தகங்களைத் தவிர வேறெதையும் தொடாமலானாள். தடுக்கப்பட்ட நூலைப் பிள்ளைகள் தேடிப்பிடித்துப் படிப்பார்கள் என்று சொல்வதுண்டு. துணிச்சலான சில பிள்ளைகள் அப்படிச் செய்யலாம். என் வீட்டில் ஒரு புத்தகத்தை எடுத்ததோடு பிள்ளைக்குத் தன் ரசனைமேல் இருந்த நம்பிக்கையும் போயிற்று. அவள் வகுப்பில் அந்தக் கதையில் வருவதைப் போன்ற வீட்டிலிருந்து வரும் பிள்ளை ஒன்றும் உண்டு. தன் வீட்டைப் போன்ற வீடு அலமாரியில் இருக்கத் தகாதது என்று ஆகும்போது அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இந்த நூல் நிலையத்தின் சிறப்பு அதன் சேர்க்கைப் படிவத்திலேயே தெரிகிறது. 'உங்கள் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாதவை' என்று அதில் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே எழுதுவதை ஆச்சி கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார். ஆனால் அது அந்தப் பிள்ளையின் உறுப்பினர் அட்டையை மட்டுமே கட்டுப்படுத்தும், புத்தகம் அலமாரியை விட்டு நகராது. பேய்க்கதைகள் வேண்டாம் என்று ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். அவர் மகனுக்கு அவை கிடைப்பதில்லை, என் மகள் அதே வாரம் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெரியவர்களுக்கான நாவல்கள், வளவு எனப்படும் உள்முற்றப் பகுதியில், தனி அலமாரியில் இருக்கின்றன. முதல் நாள், இதை எடுக்கலாமா என்று அவள் வழக்கம்போல் கேட்டபோது, ஆச்சி பதில் சொல்லாமல் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பிப் பேனாவைக் கையில் கொடுத்தார்.

முகப்பிலிருந்து வளவுக்குப் போகும் பர்மா தேக்கு நிலையை ஒட்டி, ஒரு காலத்தில் தடுக்கப்பட்ட நூல்களுக்கென ஒரு தட்டு உள்ளது. வெளிவந்த ஆண்டு, தடுக்கப்பட்ட ஆண்டு, தடை நீங்கிய ஆண்டு என ஒவ்வொன்றுக்கும் கையெழுத்தில் ஒரு சீட்டு. பாரதியாரின் பாடல்களை 1928இல் முதலில் தடுத்தது அன்றைய பர்மா அரசு. சென்னை மாகாண அரசு அதைப் பின்பற்றிப் படிகளைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து வாதாடினார். பாரதியார் மறைந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் ஊர் வீடுகளுக்குத் தேக்கு வந்த பர்மாவிலிருந்தே அந்தத் தடையும் வந்தது என்பதை இங்கே நின்றுதான் அறிந்தேன். புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வெளிவந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல் விடுபட்டது. தடை வந்தபோது பதின்மூன்று வயதில் இருந்த பிள்ளைக்கு அது நீங்கும்போது முப்பத்தாறு வயது ஆகியிருக்கும் என்று என் மகள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவல் வளவில் இருக்கிறது, இந்தத் தட்டில் அதன் சீட்டு மட்டும் உண்டு. தடுக்கப்பட்ட ஆண்டுக்கு நேரே 'அரசாணை இல்லை' என்று ஆச்சி எழுதியிருக்கிறார். 2010இல் வெளிவந்த அந்நாவலை, எதிர்ப்புகளுக்குப் பிறகு 2015 ஜனவரியில் எழுத்தாளரே திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப்போடலாம், படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை என்று கூறி அவரை எழுதச் சொன்னது. அரசு ஒரு நூலைப் பறிமுதல் செய்ய வேண்டுமானால் காரணத்தை ஆணையில் எழுதியாக வேண்டும், பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். பள்ளி அலமாரியில் போடப்படும் சிவப்புக் கோட்டுக்குக் காரணமும் வேண்டாம், மேல்முறையீடும் கிடையாது. அதனால்தான் எனக்கு அது கூடுதலாக வலிக்கிறது.

ஆச்சி அடிக்கடி பக்கத்து ஊரான கோட்டையூரின் ரோஜா முத்தையாவைச் சொல்வார். உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரிக்காமல் நாவல், நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் எல்லாவற்றையும் அவர் சேர்த்து வைத்ததனால்தான் அவர் பெயரிலான சென்னை நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு இன்று அவை கிடைக்கின்றன.

குறைகளும் உள்ளன. மாலை ஐந்து மணிக்குமேல் முகப்பில் வெளிச்சம் போதாது. பங்காளிகள் வீட்டு விசேஷத்துக்கு வீட்டைத் திறந்துவிடும் நாட்களில் முன்னறிவிப்பின்றி மூடிவிடுகிறார்கள். ஒருமுறை காரைக்குடியிலிருந்து பேருந்தில் போய்ப் பந்தக்காலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். பன்னிரண்டு முதல் பதினாறு வயதினருக்கான தமிழ்ப் புத்தகங்கள் ஒரு தட்டுகூட நிறையவில்லை, இருப்பவற்றிலும் பாதி மொழிபெயர்ப்புகள். இந்த வயதில்தான் பிள்ளைகள் வாசிப்பைக் கைவிடுகிறார்கள் என்பதால் இதை ஆச்சி உடனே கவனிக்க வேண்டும்.

சீட்டுகள் அரசையும் நீதிமன்றத்தையும் மட்டுமே பேசுவதும் எனக்குக் குறையாகவே பட்டது. அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் 2023–24 கல்வியாண்டில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட நூல்தடைகளைப் பென் அமெரிக்கா என்ற அமைப்பு எண்ணிப் பதிவு செய்துள்ளது. நம் பக்கத்துச் சிவப்புக் கோடுகளையும் யாராவது எழுதி வைக்க வேண்டாமா என்று கேட்டேன். ஆச்சி ஒரு வெற்றுச் சீட்டை என் மகளிடம் நீட்டினார். பள்ளியின் பெயரை எழுதாமல், மற்ற விவரங்களை அவளே நிரப்பினாள்.

திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் மாலை நான்கு முதல் ஏழு வரை. அந்தச் சிறார் நாவல் இப்போது இங்கே இரண்டு படிகள் உள்ளன. இந்த வாரம் இரண்டுமே வெளியே போயிருக்கின்றன.